போந் நெஃப் பாலமும் வெண்கலக் குதிரையும்

பாரிஸ் நகரின் நடுவே செய்ன் ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து, சித்தே என்னும் சிறு தீவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் ஒன்றாகும் இடத்தில், அத்தீவின் மேற்கு முனையைத் தொட்டு இரு கரைகளையும் இணைக்கும் போந் நெஃப் பாலத்தின் நடுப்பகுதியில், கவசம் அணிந்த நான்காம் ஹென்றி மன்னர் குதிரைமீது அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. இன்று காணப்படும் சிலை 1818ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதே இடத்தில் 1614 முதல் 1792 வரை வேறொரு சிலை இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் பிளாஸ்டரால் அவசரமாகச் செய்யப்பட்ட தற்காலிகச் சிலை ஒன்றும் சில காலம் நின்றது. ஒரே மன்னருக்கு ஒரே இடத்தில் மும்முறை சிலை எழுந்ததற்கு அவருடைய புகழ் ஒரு காரணம் என்றாலும், அப்புகழைவிடச் சிலை நின்ற இடத்துக்கே இதில் பெரும் பங்கு உண்டு. அரண்மனை முற்றத்திலோ தேவாலயத்திலோ அது வைக்கப்பட்டிருந்தால், அரச குலத்தின் உடைமையாகவே இருந்து மறைந்திருக்கும். நகரத்தின் கூலியாட்களும் வணிகரும் பிரபுக்களும் பிச்சைக்காரரும் நாள்தோறும் கடக்க நேர்ந்த பாலத்தில் அது வைக்கப்பட்டதால், அந்த மன்னரை வணங்குவதும் திட்டுவதும் உடைப்பதும் மீட்பதும் நகர மக்களின் வேலையாகிவிட்டன.

பாலத்தின் பெயருக்குப் ‘புதுப்பாலம்’ என்பதே பொருள் என்றாலும், இன்று பாரிஸில் செய்ன் ஆற்றின் மீது நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது இதுதான். 1578ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் மூன்றாம் ஹென்றி மன்னர் இதற்கு அடிக்கல் நாட்டினார். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போர்களால் வேலை பல ஆண்டுகள் நின்றுபோய், நான்காம் ஹென்றியின் ஆட்சியில் மீண்டும் தொடங்கி, 1607 வாக்கில் நிறைவுற்றது. வலக்கரையை நோக்கி ஏழு வளைவுகளும் இடக்கரையை நோக்கி ஐந்து வளைவுகளும் கொண்ட இப்பாலம், கட்டப்பட்ட காலத்தில் நகரத்தார் கண்டிராத இரண்டு புதுமைகளைக் கொண்டிருந்தது. முதலாவது, அதன் மேல் வீடுகள் இல்லை. அக்காலத்துப் பாரிஸ் பாலங்களில் இருபுறமும் பல மாடி வீடுகளும் கடைகளும் நெருக்கமாக நின்றதால், பாலத்தைக் கடப்பவர் ஆற்றைக் கண்ணால் காணாமலே மறுகரையை அடைந்துவிடுவார். இரண்டாவது, வண்டிகள் செல்லும் வழியிலிருந்து சற்று உயர்த்தி, நடந்து செல்வோருக்கென்று தனி நடைபாதை அமைக்கப்பட்டிருந்தது. பாலத்தின் தூண்களுக்கு மேல் அரைவட்டமாக வெளியே நீண்டிருக்கும் மாடங்களில் ஒதுங்கி நின்று ஆற்றைப் பார்க்கலாம், பொருள் விற்கலாம், வம்பும் பேசலாம். ஆகவே பாரிஸ் மக்கள் கடந்து செல்வதற்கு மட்டுமன்றிக் கூடி நிற்பதற்கும் ஏற்ற முதல் பாலமாக இது அமைந்தது.

இத்தகைய இடத்தில் ஹென்றிக்குச் சிலை வைக்கும் முயற்சி அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. நவார் என்னும் சிற்றரசின் மன்னராகவும் புராட்டஸ்டன்ட் பிரிவினரின் தலைவராகவும் இருந்த அவர், 1589இல் பிரான்சின் அரியணைக்கு உரிமை பெற்றபோதிலும், கத்தோலிக்க நகரமான பாரிஸ் அவரை ஏற்க மறுத்தது. 1593இல் கத்தோலிக்க சமயத்துக்கு மாறிய பிறகே, 1594ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் தலைநகருக்குள் அவரால் நுழைய முடிந்தது. 1598இல் அவர் பிறப்பித்த நாந்த் ஆணை, புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கு வரம்புக்குட்பட்ட வழிபாட்டு உரிமையை அளித்து, முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த சமயப் போர்களை ஓயவைத்தது. பூர்போன் மரபின் முதல் மன்னர் இவரே. 1600இல் இவர் மணந்த மரி என்னும் அரசி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரை ஆண்ட மெதிச்சி குலத்தைச் சேர்ந்தவர். தம் சிற்றப்பனும் தஸ்கனி நாட்டின் பெருங்கோமகனுமாகிய ஃபெர்டினாண்டோ மெதிச்சியின் நகரில், குதிரைமீது அமர்ந்த அரசர் சிலைகளை வார்க்கும் பட்டறை ஒன்று புகழ்பெற்று விளங்கியதை அறிந்திருந்த அவர், 1604இல் தம் கணவரின் சிலையை அங்கே செய்துதரக் கேட்டார்.

குதிரைமீது அமர்ந்த அரசரை வெண்கலத்தில் வார்க்கும் வழக்கம் பண்டைய ரோமாபுரியிலிருந்து வந்தது. மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசரின் சிலை, அது கிறித்தவத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைன் பேரரசருடையது என்று தவறாக எண்ணப்பட்டதால் இடைக்காலத்தில் உருக்கப்படாமல் தப்பி, மறுமலர்ச்சிக் காலச் சிற்பிகளுக்கு முன்மாதிரியாயிற்று. பதுவாவில் தொனதெல்லோவும் வெனிசில் வெரோக்கியோவும் படைத்தலைவர்களுக்கு இவ்வகைச் சிலைகளைச் செய்தனர். அவர்களுக்குப் பிறகு இக்கலையைத் தம் பட்டறையின் தனித்தொழிலாகவே ஆக்கிக்கொண்டவர், 1529இல் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் துவே நகரில் பிறந்து ஃபுளோரன்சில் குடியேறிய ஜாம்போலோன்யா. மெதிச்சி குலத்து முதலாம் கோசிமோவுக்கு அவர் செய்த குதிரைச்சிலை 1594இல் ஃபுளோரன்சின் நகரமன்றத் திடலில் நிறுவப்பட்டது. அதன் பிறகு ஃபெர்டினாண்டோவுக்கும், பிரான்சின் ஹென்றிக்கும், ஸ்பெயினின் மூன்றாம் ஃபிலிப்புக்கும் அதே பட்டறையில் குதிரைகள் உருவாயின. நடக்கும் குதிரை, உயர்த்திய ஒரு முன்னங்கால், வளைந்த கழுத்து என்று இவை யாவும் உடன்பிறப்புகளைப் போலவே தோன்றுகின்றன. ஏறி அமர்ந்திருப்பவரின் முகமும் கவசமும் மட்டுமே மாறுகின்றன. ஐரோப்பிய அரசகுலங்கள் தத்தம் தனிப்பெருமையைக் காட்டுவதற்காக ஒரே வார்ப்பகத்தின் ஒரே வகைக் குதிரையை நாடிச் சென்றதை வேடிக்கை என்றே சொல்லவேண்டும்.

வார்க்கும் முறையைச் சுருக்கமாக விளக்கலாம். களிமண்ணில் முழு உருவத்தைச் செய்து, அதிலிருந்து துண்டுதுண்டாக அச்சு எடுத்து, அச்சின் உட்புறத்தில் மெழுகை ஒரே தடிப்பாகப் பூசி, நடுவிலுள்ள வெற்றிடத்தை மண்கலவையால் நிரப்புவர்; பிறகு மெழுகின் மேலும் மண் பூசிச் சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேற, அது இருந்த மெல்லிய இடைவெளிக்குள் உருக்கிய வெண்கலம் பாய்ச்சப்படும். இவ்வாறு கிடைக்கும் சிலை உள்ளீடற்றது. பெருஞ்சிலையைக் கெட்டியாக வார்த்தால் எடை தாங்காது. உலோகமும் சீராகக் குளிராமல் வெடிப்பு விடும். குதிரைச்சிலையில் இதைவிடக் கடினமான சிக்கல் எடைச் சமநிலையாகும். ஏனெனில் குதிரையின் பேருடலும் அதன் மேல் அமர்ந்த மன்னரும் மூன்று மெல்லிய கால்களின் மீது நிற்கவேண்டும். பின்னாளில் இதே பட்டறையின் மாணவரான பியத்ரோ தாக்கா, ஸ்பெயினின் நான்காம் ஃபிலிப்புக்காக இரு பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரையையே வார்த்துக் காட்டினார் என்பது வேறு கதை. குதிரையின் ஒரு கால் தூக்கியிருந்தால் வீரர் காயத்தால் இறந்தார், இரு கால்கள் தூக்கியிருந்தால் போரில் மாண்டார் என்று பலரும் நம்பும் விதி எதையும் இச்சிற்பிகள் அறிந்திருக்கவில்லை; கால் எத்தனை உயரவேண்டும் என்பதை முடிவு செய்தவை உலோகத்தின் வலிமையும் சிற்பியின் துணிவும் மட்டுமே.

ஜாம்போலோன்யா 1608இல் காலமாகிவிட, வேலையைத் தாக்கா முடித்தார். அதற்குள் சிலைக்கு உரியவரும் இல்லாமற் போனார்: 1610ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், பாரிஸின் குறுகலான தெரு ஒன்றில் நெரிசலில் நின்ற வண்டிக்குள் இருந்த ஹென்றியை ரவய்யாக் என்பவன் கத்தியால் குத்திக் கொன்றான். சிலை 1613இல் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, வழியில் கப்பல் விபத்துக்குள்ளாகிக் கடலடியில் கிடந்து மீட்கப்பட்டு, லு ஆவ்ரு துறைமுகம் வழியாகப் பாரிஸ் வந்து சேர்ந்தது. 1614ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பாலத்தின் நடுவில் அது நிறுவப்பட்டபோது, அரியணையில் இருந்தவர் பன்னிரண்டு வயதுச் சிறுவரான பதின்மூன்றாம் லூயி. நாட்டை நடத்தியவர் தாய் மரி. பிரான்சில் பொது இடத்தில் தனித்து வைக்கப்பட்ட அரசரின் முதல் குதிரைச்சிலை இதுவே. பாலத்துக்கு எதிரே, தீவின் முனையில் முக்கோண வடிவில் ஹென்றி உருவாக்கச் செய்த தோஃபீன் திடலை நோக்கி மன்னரின் முகம் அமைந்திருந்தது. ஃபிராங்கவில் என்ற சிற்பி வடிவமைத்து, அவருடைய மருமகன் போர்தோனி 1618இல் முடித்த நான்கு கைதிகளின் வெண்கல உருவங்கள், கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில், பீடத்தின் நான்கு மூலைகளிலும் பொருத்தப்பட்டன.

அரசி எதிர்பார்த்தது கணவரின் நினைவுக்குரிய மதிப்பு. கிடைத்ததோ சந்தையின் நடுவே ஓர் அடையாளக்கம்பம். மக்கள் அதை மன்னர் பெயரால் அழைக்காமல் ‘வெண்கலக் குதிரை’ என்றே அழைத்தனர். அதைச் சுற்றிப் பழைய புத்தகம் விற்போரும், பல் பிடுங்குவோரும், போலி மருந்து விற்போரும், கூத்தாடிகளும், அரசையும் அமைச்சரையும் கேலி செய்யும் பாடல்களைத் தாளில் அச்சிட்டு விற்றுப் பாடுவோரும், சட்டைப்பையில் கைவைப்போரும் கூடினர். 1617ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இவ்விடம் கொடிய காட்சி ஒன்றுக்கும் களமாயிற்று. அரசி மரியின் ஆதரவால் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த ஃபுளோரன்ஸ்காரர் கொன்சீனி, இளம் மன்னரின் ஆணைப்படி லூவ்ரு அரண்மனை வாயிலில் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்ட மறுநாள், கூட்டம் அவருடைய உடலைத் தோண்டியெடுத்து இப்பாலத்துக்கு இழுத்து வந்து தூக்கில் தொங்கவிட்டு, வெட்டிச் சிதைத்து, அதன் ஒரு பகுதியை வெண்கலக் குதிரையின் முன்னே எரித்தது. செத்துப்போன நல்ல மன்னரின் பெயரால் உயிரோடிருக்கும் ஆட்சியாளரைத் தண்டிக்கும் இவ்வழக்கம், பின்னர் வந்த மன்னர்களுக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது. அவர்கள் தங்கள் சிலைகளைத் தாங்களே திட்டமிட்டுக் கட்டிய, ஒரே சீரான முகப்புகள் கொண்ட திடல்களின் நடுவில் நிறுத்திக்கொண்டனர்.

ஹென்றியின் நற்பெயர் பதினெட்டாம் நூற்றாண்டில் மேலும் வளர்ந்ததற்கு எழுத்தாளர் வோல்தேர் முக்கியக் காரணம். இம்மன்னரைச் சமயப் பொறையின் வீரராகச் சித்திரித்து ‘ஆன்றியாத்’ என்னும் காவியத்தை இயற்றியவர் அவர். 1788ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், மக்களின் வெறுப்புக்கு ஆளான நிதி அமைச்சர் பிரியேன் பதவியிழந்தபோது பாலத்தில் கூடிய கூட்டத்தினர், அவ்வழியே வந்த வண்டிகளை நிறுத்தி, உள்ளே இருந்த பிரபுக்களைக் கீழே இறங்கச் செய்து, ஹென்றியின் சிலைக்கு வணக்கம் செலுத்தவைத்தனர். அடுத்த ஆண்டு புரட்சி வெடித்தது.

1792ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அரண்மனை தாக்கப்பட்டு முடியாட்சி வீழ்ந்தபின், அடுத்த சில நாட்களுக்குள் பாரிஸில் நின்ற அரசர் சிலைகள் அனைத்தும் கவிழ்க்கப்பட்டன. பதின்மூன்றாம், பதினான்காம், பதினைந்தாம் லூயிகளின் சிலைகளைக் கவிழ்ப்பதில் யாருக்கும் மனத்தடை இருக்கவில்லை. ஹென்றியின் சிலையின் முன்னே மட்டும் சற்றுத் தயக்கம் ஏற்பட்டதென்றும், அவரும் அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டு ஆண்டவரல்லர் என்பது நினைவுக்கு வந்ததும் அத்தயக்கம் நீங்கியதென்றும் சட்டமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. ஆகஸ்டு 14ஆம் நாள் வந்த ஆணை, இத்தகைய வெண்கலங்களைப் பீரங்கிகளாக வார்க்கச் சொன்னது. கைதிகளின் நான்கு உருவங்கள் மட்டும் கலைப்பொருள் என்ற தகுதியில் காப்பாற்றப்பட்டு இன்று லூவ்ரு அருங்காட்சியகத்தில் உள்ளன. மன்னரின் உடலிலிருந்தும் குதிரையின் காலிலிருந்தும் எஞ்சிய சில துண்டுகளை நகர வரலாற்று அருங்காட்சியகமான கார்னவலேயில் காணலாம். 1793ஆம் ஆண்டு அக்டோபரில் செயின்ட் தெனி தேவாலயத்திலிருந்த அரச கல்லறைகள் திறக்கப்பட்டபோது, ஹென்றியின் உடல் கெடாமல் இருந்ததால், பொதுக்குழியில் இடப்படுவதற்கு முன் பார்வைக்கு நிறுத்தப்பட்டது.

பாலத்தில் காலியான மேடையில் மாபெரும் கருங்கல் கூர்தூண் ஒன்றை நிறுத்த நெப்போலியன் 1809இல் ஆணையிட்டார், அது எழவில்லை. 1814இல் அவர் வீழ்ந்து, பூர்போன் மரபினரான பதினெட்டாம் லூயி நாடு திரும்பினார். மே 3ஆம் நாள் தலைநகருக்குள் நுழைந்த அவரை, பாலத்தின் மீது பிளாஸ்டரால் செய்த ஹென்றி வரவேற்றார். சில நாட்களுக்குள் குதிரை ஒன்றைச் செதுக்க நேரமில்லாததால், பெர்லின் நகரின் பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து நெப்போலியன் 1806இல் கவர்ந்து வந்து பாரிஸில் வைத்திருந்த நான்கு குதிரைத் தேரின் குதிரை ஒன்றிலிருந்தே அச்சு எடுத்து வேலையை முடித்தனர். திரும்பி வந்த மன்னர், உலகையே வெல்ல முனைந்த தம் முன்னோர் பதினான்காம் லூயியை விட்டுவிட்டு, உள்நாட்டுப் போரை முடித்துவைத்த ஹென்றியை முதலில் மீட்டெடுத்தது அரசியல் கணக்கு. கால் நூற்றாண்டுப் பிளவுக்குப் பின் நாட்டை ஆளவந்தவருக்கு, சமரசத்தின் பெயரால் நினைக்கப்பட்ட மூதாதை தேவைப்பட்டார். மக்கள் அவரைத் தெரிந்துவைத்திருந்த இடமும் பாலம்தான்.

நிலையான வெண்கலச் சிலைக்கான பொறுப்பு, லியோன் நகரில் பிறந்த சிற்பி லெமோவிடம் ஒப்படைக்கப்பட்டது. செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. உலோகத்துக்கோ வீழ்ந்த ஆட்சியின் சிலைகள் பயன்பட்டன. வாந்தோம் திடலின் வெற்றித்தூண் உச்சியிலிருந்து 1814இல் இறக்கப்பட்ட நெப்போலியன் சிலையும், வெற்றித்திடலில் நின்ற தளபதி தெசேயின் சிலையும் உருக்கப்பட்டன. இவ்விரு இடங்களிலும் 1792 வரை நின்றவை பதினான்காம் லூயியின் சிலைகள் என்பதை நினைத்துப் பார்த்தால், கால் நூற்றாண்டுக்குள் பாரிஸின் பீடங்கள் எத்தனை முறை கைமாறின என்பது விளங்கும். புதிய சிலை 1818ஆம் ஆண்டு ஆகஸ்டில் வார்ப்பகத்திலிருந்து எருதுகள் பூட்டிய வண்டியில் புறப்பட்டு, வழியில் வண்டி நகராமற் போக, கூடியிருந்த மக்களே வடம்பிடித்து இழுத்துவந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆகஸ்டு 25ஆம் நாள், புனித லூயியின் திருநாளில், அது திறந்துவைக்கப்பட்டது. அந்நிகழ்ச்சியைப் பாடிய கவிதைக்காக 1819இல் துலூஸ் நகர இலக்கியக் கழகத்தின் பரிசைப் பெற்ற பதினேழு வயது இளைஞர், பின்னாளில் குடியரசின் குரலாக மாறிய விக்தர் ஹியூகோ.

சிலையின் உட்குழிவுக்குள் நான்கு பெட்டிகள் வைக்கப்பட்டன. ஹென்றியின் வாழ்க்கை வரலாறு, முதற்சிலையைப் பற்றிய பதினேழாம் நூற்றாண்டுத் தோல் ஆவணம், புதிய சிலை உருவான விதத்தைக் கூறும் குறிப்பு, நன்கொடை அளித்தவர்களின் பட்டியல் ஆகியவை அவற்றில் இருந்தன. இவை அதிகாரபூர்வமானவை. வேலையில் ஈடுபட்ட கைவினைஞர் ஒருவர் நெப்போலியன் பற்றாளர் என்றும், அவர் மன்னரின் கைக்குள் நெப்போலியனின் சிறு உருவத்தையும், குதிரையின் வயிற்றுக்குள் பூர்போன் மரபினரைத் திட்டும் தாள்களையும் ஒளித்துவைத்தார் என்றும் ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. கதை சுவையானதுதான் என்றாலும் தேவையற்றது. உள்ளே ஒரு நெப்போலியன் பொம்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியே தெரியும் குதிரையிலும் மன்னரிலும் உருக்கிய நெப்போலியன் கலந்தே இருக்கிறார்.

அதன் பிறகு 1830, 1848, 1871 ஆகிய ஆண்டுகளின் எழுச்சிகளைச் சிலை சேதமின்றிக் கடந்தது. 1871ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் கம்யூன் என்னும் புரட்சி அரசு வாந்தோம் தூணை, மறுபடி வைக்கப்பட்டிருந்த நெப்போலியனோடு சேர்த்துக் கவிழ்த்தபோதும் ஹென்றி தம் இடத்திலேயே இருந்தார். 1985இல் கிறிஸ்டோ, ஜான்-குளோத் என்னும் கலைஞர் இணையர் பாலம் முழுவதையும் துணியால் போர்த்தினர். சிலைக்குப் பின்னால் உள்ள படிகளில் இறங்கினால், தீவின் கூர்முனையில் வெர்-கலான் பூங்காவை அடையலாம். டெம்ப்ளர் துறவு வீரர்களின் கடைசித் தலைவர் ழாக் தெ மொலே 1314இல் எரிக்கப்பட்டது இதற்கு அருகில்தான்.

1818இல் எழுந்த பீடத்தில் கைகள் கட்டப்பட்ட கைதிகளைத் திரும்ப வைக்கவில்லை. சமரசத்தின் அடையாளமாக மீட்கப்பட்ட மன்னரின் காலடியில் சங்கிலியும் அடிமைகளும் பொருந்தா என்பது சரியான முடிவே. அவற்றுக்குப் பதிலாக லெமோ இரண்டு வெண்கலப் புடைப்புச் சிற்பங்களைச் செய்தார். ஒன்றில் ஹென்றி பாரிஸுக்குள் நுழைந்து நோத்ர் தாம் தேவாலயத்தில் அமைதியை அறிவிக்கிறார், மற்றொன்றில் முற்றுகையிடப்பட்ட பாரிஸுக்குள் உணவு செல்ல அனுமதிக்கிறார். இரண்டாவது காட்சியைப் பார்ப்பவர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி, 1590ஆம் ஆண்டின் அம்முற்றுகையை இட்டவரே ஹென்றிதான் என்பதாகும். மே முதல் ஆகஸ்டு வரை நீண்ட அந்தப் பட்டினியில் பாரிஸ் மக்கள் பல்லாயிரவர் மடிந்தனர். நாய்களையும் எலிகளையும் தின்றனர். மன்னர் சில வேளைகளில் மனமிரங்கி, பசித்தவர்கள் வெளியேறவும் சிறிது உணவு உள்ளே போகவும் விட்டது உண்மையே. ஆயினும் முற்றுகை விலகியதற்குக் காரணம், ஸ்பெயினின் படையோடு பார்மா கோமகன் அலெசாந்திரோ ஃபர்னேசே நகரை நெருங்கி வந்ததாகும். பீடத்தில் அவருக்கு இடம் தரப்படவில்லை.